நாக்கில் வைக்காமல் அனுப்பிய ஐஸ்

குளிர்சாதன வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, உங்கள் மேல் இறைவனின் சாந்தி உண்டாகட்டும். நான் எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். சொல்லப்போகிற விஷயத்தில் பிழை இருக்காது. அதில் உள்ள பிழையைச் செய்தவனே நான்தான்.

கொஞ்ச நாளைக்கு முன் ஒரு ஓட்டலில் உங்கள் காலத்து ஐஸ் மெஷினைப் பார்த்தேன். குளிர்ந்த தகட்டின் மேல் தண்ணீர் வழிந்து ஓடுகிறது. ஓட ஓட உறைகிறது. போதுமான கனம் வந்ததும் மெஷினே சூடான வாயுவைத் தகட்டுக்குப் பின்னால் திருப்பி விடுகிறது. ஐஸ் தகட்டை விட்டு நழுவிக் கடகடவென்று பெட்டியில் விழுகிறது. பக்கத்தில் நின்ற மெக்கானிக் தம்பி, "பாருங்க பாய், இதுல நமக்கு வேலையே இல்ல. தானா உறையுது, தானா விழுது" என்றார். நானும் சிரித்தேன். ஆனால் தானாக விழுந்த ஒரு ஐஸ் ஞாபகம் வந்தது. அதைத்தான் எழுதுகிறேன்.

ஐம்பதுகளில் திண்டுக்கல்லில் ஒரு ஐஸ் கம்பெனியில் நான் ஆபரேட்டர். தரைக்குள் இறக்கிய பெரிய தொட்டி. அதில் உப்புத் தண்ணீர். அமோனியாக் குழாய்கள் அந்த உப்புத் தண்ணீரைக் குளிரவைக்கும். உப்பு இருப்பதால் அது உறையாது. அதற்குள் நல்ல தண்ணீர் நிரப்பிய தகரக் கேன்களை வரிசையாக இறக்கி, மேலே மரப்பலகை போட்டு மூடிவிடுவோம். கேனுக்கு வெளியே உப்புத் தண்ணீர், உள்ளே நல்ல தண்ணீர். உள்ளே இருப்பது ஒன்றரை நாளில் பாராக, அதாவது நீளமான ஐஸ் கட்டியாக, உறைந்துவிடும்.

உறைய வைப்பது மெஷின் வேலை. வெளியே எடுப்பதுதான் எங்கள் வேலை. உறைந்த பார் கேனை அப்படிப் பிடித்துக்கொண்டிருக்கும். சங்கிலிக் கப்பியில் கேனைத் தூக்கி, பக்கத்தில் இருக்கும் சாதாரணத் தண்ணீர்த் தொட்டியில் முக்கிவைக்க வேண்டும். ஓரம் லேசாக இளகியதும் கேனைச் சாய்த்தால் பார் வழுக்கிக்கொண்டு வரும். அவசரப்பட்டுச் சுத்தியலால் தட்டினால் கேன் நெளியும். வெந்நீர் ஊற்றினால் பார் வெடிக்கும். பொறுத்திருப்பதைத் தவிர வேறு வழி இல்லை.

எவ்வளவு நேரம் என்பதற்கு எங்களிடம் கடிகாரம் கிடையாது. நான் இறைவனைத் துதித்துத் தஸ்பீஹ் ஓதி எண்ணுவேன். நூறு முடிகிற நேரம் கணக்கு. என்னோடு கேன் தூக்கிய சவரிமுத்து ஜெபமாலையில் பத்து மணி உருட்டுவார். என் வயதுக்காரர், வாய் ஓயாதவர். "பாய், உங்க நூறும் எங்க பத்தும் ஒரே நேரத்துலதான் முடியுது. மேல இருக்கறவரு ஒருத்தர்தான்னு இந்த ஐஸுக்குக்கூடத் தெரிஞ்சிருக்கு" என்பார்.

இன்னொரு வழக்கமும் உண்டு. கேனின் அடி, ஈயம் வைத்துப் பற்றவைத்தது. உப்பு பட்டுப் பட்டு அது அரித்துவிடும். ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், வெளியே உள்ள உப்புத் தண்ணீர் உள்ளே புகுந்துவிடும். மேலே பார்த்தால் பார் கண்ணாடி மாதிரி இருக்கும், அடிப்பக்கம் உப்பாக இருக்கும். கண்ணுக்குத் தெரியாது. அதனால் ஒவ்வொரு பார் வெளியே வந்ததும் அதன் அடியில் ஒரு சில்லு உடைத்து நாக்கில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வெளியே அனுப்ப வேண்டும். இது ஆபரேட்டரின் வேலை, அதாவது என் வேலை.

அந்த வருஷம் ரமலான் நோன்பு நல்ல கோடையில் வந்தது. பகல் முழுக்கப் பச்சைத் தண்ணீர் படாத நாக்கில் ஐஸ் சில்லை வைக்க எனக்கு மனம் வரவில்லை. நோன்பு முறிந்துவிடும் என்று பயந்தேன். பள்ளிவாசலில் ஹஜ்ரத்திடம் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். இது ஒரு கேள்வியா என்று சிரிப்பார்களோ என்ற கூச்சம். சவரிமுத்துவிடம் சொன்னேன்.

"இதுக்கா பாய் இம்புட்டு யோசனை? உங்களுக்கு நோன்பு, எனக்கு விருந்து. நான் பாத்துக்கறேன்" என்றார். அன்று முதல் அவர் நாக்குதான் எங்கள் கம்பெனிக்கு நாக்கு. பதினைந்து நாள் ஒரு குறையும் இல்லாமல் ஓடியது.

பதினாறாம் நாள் காலையில் சவரிமுத்து வரவில்லை. நான் ஒருவனே கப்பியை இழுத்துக்கொண்டிருந்தேன். வாசலில் சோடா வண்டிக் கருப்பையா நின்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார். கால் ஊனமானவர், வண்டியைத் தாங்கியபடிதான் நடப்பார். "பாய், வெயில் ஏறிருச்சு. நீங்க ஐஸ் குடுக்கறதுக்குள்ள திண்டுக்கல்லே செத்துச் சுண்ணாம்பாயிரும்" என்று அவர் சொல்லிக்கொண்டிருக்கும்போதே சவரிமுத்து சைக்கிளில் வந்து இறங்கினார். சட்டையில் ரத்தக் கறை. முகத்தில் உயிர் இல்லை.

"பாய், ஞானம்மா நேத்து சாயந்தரம் ரத்த வாந்தி எடுத்துருச்சு. ஆஸ்பத்திரியில போட்டிருக்கு."

ஞானம்மா அவருடைய மனைவி. அவர்களுக்கு மூன்று சின்னப் பிள்ளைகள்.

"டாக்டர் என்ன சொல்றாரு?"

"வயித்துக்குள்ள புண்ணாம். தண்ணிகூடக் குடுக்கக் கூடாதாம். ஐஸைச் சின்னச் சின்னதா உடைச்சு வாயில வெக்கணுமாம். இன்னொரு தடவை வாந்தி வந்தா எங்க கையில இல்லன்னு சொல்லிட்டாரு பாய். சீக்கிரம் ஒரு துண்டு குடுங்க."

அந்த நேரம் ஒரு கேன் தண்ணீரில் முங்கிக்கொண்டிருந்தது. அப்போதுதான் இறக்கியிருந்தேன். தஸ்பீஹ் ஆறோ ஏழோதான் ஓதியிருப்பேன். இன்னும் நேரம் ஆகவில்லை என்று தெரிந்தும் பதற்றத்தில் கேனைத் தூக்கிச் சாய்த்தேன். பார் சட்டென்று நழுவி வந்து விழுந்தது. யாரோ உள்ளிருந்து தள்ளிவிட்ட மாதிரி வந்தது. அல்ஹம்துலில்லாஹ், இந்த மனுஷனுக்காக அல்லாஹ்வே இளக்கிக் கொடுத்தான் என்று நினைத்தேன். எனக்கு எது பக்கமாக இருந்ததோ அந்தக் கோடியில் உளியை வைத்து ஒரு துண்டு உடைத்தேன். அது அடிக்கோடி. மரத்தூளில் புரட்டிச் சாக்கில் சுற்றிக் கொடுத்தேன். சவரிமுத்து சைக்கிளில் ஏறிப் பறந்தார்.

மிச்சப் பாரைக் கருப்பையாவுக்கு அறுத்து வைத்துவிட்டு, காலிக் கேனில் நல்ல தண்ணீர் நிரப்பிக் கப்பியில் தூக்கினேன். உப்புத் தொட்டிக்கு மேலே அது தொங்கியபோது அடியிலிருந்து ஒரு சொட்டு விழுந்தது. வெளிப்பக்கம் நனைந்திருக்கும், அதுதான் சொட்டுகிறது என்று நின்றேன். இன்னொரு சொட்டு விழுந்தது. பிறகு நூல் பிடித்த மாதிரி ஒரே இடத்திலிருந்து சொட்டிக்கொண்டே இருந்தது.

தம்பிகளே, அந்த நேரம் என் உடம்பில் ஓடியதை எழுத எனக்குத் தெரியவில்லை. ஓட்டைக் கேன். உப்புத் தண்ணீர் உள்ளே போயிருக்கிறது. உப்பு கலந்த ஐஸ் கேனை இறுகப் பிடிக்காது, அதனால்தான் ஆறேழு எண்ணுவதற்குள் நழுவி வந்தது. கடவுள் இளக்கிக் கொடுத்தான் என்று நான் நினைத்தது உப்பு இளக்கிக் கொடுத்தது. வயிற்றில் இருப்பதை வெளியே எடுக்க வேண்டுமென்றால் நம் வீடுகளில் என்ன செய்வோம்? உப்பைக் கரைத்துக் கொடுப்போம். வாந்தி எடுத்தால் செத்துவிடுவாள் என்று சொன்ன பெண்ணுக்கு நான் உப்பு ஐஸ் கொடுத்தனுப்பியிருக்கிறேன்.

"கருப்பையா, ஆஸ்பத்திரிக்கு ஓடு. அந்த ஐஸைக் குடுக்காதேன்னு சொல்லு" என்று கத்தினேன்.

"நான் ஓடறதா? என் காலைப் பாத்துச் சொல்றீங்களா பாய்? நான் போய்ச் சேர்றதுக்குள்ள எல்லாம் முடிஞ்சிரும். சோடாக்காரன் சொன்னா நர்ஸம்மா கேக்குமா? நீங்க போங்க."

அவர் சொன்னது சரி. என் சைக்கிள் சுவரில் சாய்ந்திருந்தது. இரண்டு எட்டில் அதைப் பிடித்துவிட்டேன். கம்ப்ரசர் பின்னால் தட்தட்டென்று ஓடிக்கொண்டிருந்தது.

அந்த மெஷினைப் பூட்டிக் கொடுத்த பிட்டர் தூத்துக்குடியிலிருந்து வந்தவர். பெயர் வேண்டாம். போகிற அன்று எனக்குச் சொன்னது ஒன்றே ஒன்றுதான். "வீடு தீப்பிடிச்சாலும் நிறுத்திட்டு ஓடு. ஓடவிட்டுட்டு ஓடாதே." மேலே குழாய்களைக் குளிரவைக்கும் தண்ணீர் நின்றுபோனால் உள்ளே அழுத்தம் ஏறும். பார்க்க ஆள் இல்லை. அமோனியா வெளியே கிளம்பினால் அந்தத் தெருவே மூச்சு முட்டிப் போகும். அடுத்த சுவருக்கு அப்பால் பீடி சுற்றும் பெண்கள் இருபது பேர் உட்கார்ந்திருந்தார்கள்.

சைக்கிளை விட்டுவிட்டுத் திரும்பி வந்தேன்.

எந்த வால்வை முதலில் அடைப்பது, எது பிறகு என்பது உங்களுக்குத் தெரியும், எழுத வேண்டியதில்லை. எப்போதும் கை தானாகப் போகும். அன்று ஒரு வால்வு இறுகிக்கொண்டு திரும்ப மறுத்தது. இந்நேரம் சவரிமுத்து ஆஸ்பத்திரி வாசலில் இறங்கியிருப்பார். அடுத்த வால்வு. சாக்கைப் பிரித்திருப்பார். சுவிட்சை இறக்கினேன். அந்தச் சத்தம் அடங்க எடுத்துக்கொண்ட நேரம் ஒரு வருஷம் மாதிரி இருந்தது. "யா அல்லாஹ், என் தப்புக்கு அந்தப் பிள்ளைகளைத் தண்டிக்காதே" என்று மட்டும் வாய் சொல்லிக்கொண்டிருந்தது. அழுத்தம் காட்டும் முள் இறங்கியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் வெளியே ஓடினேன்.

"கருப்பையா, இங்கயே நில்லு. ஒருத்தரையும் உள்ள விடாத. நீயும் எதையும் தொடாத. அந்த ஐஸை விக்காத."

"நான் எங்க போகப்போறேன்? போங்க பாய், போங்க."

கொளுத்தும் வெயில். நோன்பு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. மலைக்கோட்டைப் பாறையிலிருந்து அனல் வந்து முகத்தில் அடித்தது. வழியில் யாரை இடித்தேன், யார் திட்டினார்கள் என்பது தெரியாது. ஆஸ்பத்திரி வாசலில் சைக்கிளைப் போட்டுவிட்டுப் பெண்கள் வார்டுக்கே ஓடிவிட்டேன்.

கோடிக் கட்டிலில் ஞானம்மா. வெள்ளைத் துணி மாதிரி வெளுத்துக் கிடந்தார். நர்ஸ் ஒரு துணியில் ஐஸைப் பொதிந்து தட்டிக்கொண்டிருந்தார். சவரிமுத்து கையில் ஒரு கிண்ணம், அதில் நொறுங்கின துண்டுகள். ஒரு துண்டு ஏற்கெனவே ஞானம்மா வாயில் இருந்தது. அவர் முகம் சுளித்திருந்தது. இன்னொன்றை எடுத்துக்கொண்டு சவரிமுத்து குனிந்தார்.

"சவரி, குடுக்காதே!"

வார்டே திரும்பிப் பார்த்தது. நர்ஸ் எழுந்து, "யாருங்க நீங்க? பொம்பளைங்க வார்டுல வந்து கூப்பாடு போடறீங்க? வெளியில போங்க" என்றார்.

"அம்மா, நான் ஐஸ் கம்பெனிக்காரன். அது உப்பு ஐஸ். ஓட்டைக் கேன்ல வந்தது. வாந்தி வந்துரும்மா."

"ஐஸுல ஏதுங்க உப்பு? நீங்க பாத்தீங்களா, வாயில வெச்சு?"

சவரிமுத்து என்னையே பார்த்தார். எங்கள் இரண்டு பேருக்கும் ஒரே நேரத்தில் அது புரிந்தது. அவர் நாக்கு நேற்று சாயந்தரத்திலிருந்து ஆஸ்பத்திரியில் இருக்கிறது. என் நாக்கு பூட்டி வைத்திருக்கிறது. அந்தப் பாரை யாருமே பார்க்கவில்லை.

கிண்ணத்திலிருந்து ஒரு துண்டை எடுத்தேன்.

"பாய், நோன்பு" என்றார் சவரிமுத்து. மனைவி அந்த நிலையில் கிடக்கும்போதும் அந்த மனுஷனுக்கு அது ஞாபகம் வந்தது.

வாயில் போட்டேன். கடல் தண்ணீர் தோற்றது, அப்படிக் கரித்தது. ஜன்னலுக்கு வெளியே துப்பிவிட்டு, "பாருங்கம்மா" என்று இன்னொரு துண்டை நீட்டினேன். நர்ஸ் நுனி நாக்கில் வைத்ததும் கண்ணை மூடித் திறந்தார். உடனே ஞானம்மா வாய்க்குள் விரலை விட்டு அந்தத் துண்டை எடுத்தெறிந்தார். ஈரப் பஞ்சால் நாக்கையும் கன்னத்தின் உள்பக்கத்தையும் துடைத்தார். ஞானம்மாவுக்கு ஒரு குமட்டல் வந்தது. தோள் தூக்கியது. நர்ஸ் அவரை ஒருக்களித்துப் பிடித்துக்கொண்டு, "முழுங்காதம்மா. மூச்சை மட்டும் மெதுவா இழு. இழும்மா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். சவரிமுத்து கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் சுவரில் ஒட்டிக்கொண்டு நின்றேன். குமட்டல் இன்னொரு தடவை வந்தது. பிறகு தோள் இறங்கியது. மூச்சு சீரானது. வாந்தி வரவில்லை.

"நல்ல ஐஸ் இருக்கா உங்ககிட்ட?" என்றார் நர்ஸ், திரும்பிப் பார்க்காமலே.

மறுபடியும் கம்பெனிக்கு வந்தேன். இன்னொரு கேனைத் தூக்கித் தண்ணீரில் முக்கினேன். அங்கே ஒரு உயிர் காத்துக்கிடக்கிறது. இங்கே நான் கையைக் கட்டிக்கொண்டு தஸ்பீஹ் எண்ண வேண்டும். பத்து, இருபது, நாற்பது. கேனைச் சாய்த்துப் பார்க்கச் சொல்லிக் கை துடித்தது. எழுபதில் கருப்பையாவே பொறுக்க முடியாமல், "ஒரு தட்டுத் தட்டுங்க பாய், வந்துரும்" என்றார். தட்டவில்லை. நூறு முடிந்து சாய்த்தேன். பார் கொஞ்சம் முனகி, அடம்பிடித்து, பிறகுதான் இறங்கியது. அந்த முனகலைக் கேட்டு எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நல்ல ஐஸ் அப்படித்தான் விடும். அடியில் ஒரு சில்லு உடைத்து நாக்கில் வைத்தேன். ஒரு ருசியும் இல்லை. துப்பினேன். துண்டை எடுத்துக்கொண்டு ஓடினேன்.

அன்று மாலை நோன்பு திறக்க வீட்டுக்குப் போனதும் மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நோன்பு போய்விட்டது என்று அழுதேன். அவள் கஞ்சிச் சட்டியைக் கிளறிக்கொண்டே கேட்டாள்.

"அப்ப இம்புட்டு நாளும் இந்தக் கஞ்சிக்கு உப்பு சரியா இருக்குதே, எப்படின்னு நெனச்சீங்க?"

"எப்படி?" என்றேன்.

"நாக்கு நுனியில வெச்சுப் பாத்துட்டுத் துப்பிருவேன். முழுங்காம இருந்தா தேவைக்குப் பாக்கலாம்னு ஹஜ்ரத்து பொம்பளைங்களுக்கு எப்பவோ சொல்லியிருக்காரு. அதுவும் புருஷன் கோவக்காரனா இருந்தா கண்டிப்பாப் பாத்துக்கலாமாம். என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கறதுக்கு என்ன?"

ஒரு வார்த்தை. பதினாறு நாளும் அந்தப் பதில் என் அடுப்படியிலேயே இருந்திருக்கிறது. ஆஸ்பத்திரியில் நான் போட்ட துண்டிலிருந்து ஒரு சொட்டு தொண்டைக்குள் போனதா என்பது அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். மனசு கேட்காமல் பெருநாள் கழிந்து அந்த ஒரு நோன்பைத் திரும்பப் பிடித்தேன். ஆனால் நான் இன்றும் மன்னிப்புக் கேட்பது அதற்காக இல்லை. எனக்கு விதித்த வேலையை இன்னொருவர் நாக்கில் ஏற்றிவிட்டு, அதற்குப் பக்தி என்று பெயர் வைத்தேனே, அதற்காக.

மெஷின் நின்றதற்கு முதலாளி என்னைத் திட்டவில்லை. ருசி பார்க்காமல் அனுப்பியதற்குத் திட்டினார். நியாயம்.

நாலு நாள் கழித்து ஞானம்மாவைப் பார்க்கப் போனேன். தலையணையில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். முகத்தில் கொஞ்சம் ரத்தம் வந்திருந்தது. சவரிமுத்து பழையபடி வாயைத் திறந்துவிட்டார். "வாங்க பாய். உங்க உப்பைத் தின்ன தோஷத்துக்கு இவ இனி உங்களுக்குத் துரோகம் நெனைக்க முடியாது" என்றார். ஞானம்மா சிரித்தார்.

நான் என் தப்பை மறைக்காமல் அவரிடம் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். பிறகு என் மனதை அரித்துக்கொண்டிருந்ததைக் கேட்டேன்.

"ஏம்மா, அம்புட்டுக் கரிச்சுதே. வாயில வெச்சதுமே துப்பியிருக்கலாமே? உப்பா இருக்குன்னு இவர்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே?"

ஞானம்மா புருஷனை ஒரு தரம் பார்த்தார். சொல்லலாமா என்று யோசித்தார்.

"எனக்கு என்னண்ணே தெரியும்? நான் அன்னிக்குத்தானே ஐஸை மொத மொத வாயில வெச்சேன். ஐஸுன்னா இப்படித்தான் இருக்கும்போலன்னு இருந்துட்டேன்."

சவரிமுத்து தலையைக் குனிந்துகொண்டார். எங்கள் கம்பெனியில் அவர் கேன் தூக்க ஆரம்பித்து அப்போது ஒன்பது வருஷம்.

தம்பிகளே, நீங்கள் உறைய வைத்து அனுப்புவதை யாரோ ஒருவர் எங்கோ முதன்முதலாக வாயில் வைப்பார். அது சரியா தப்பா என்று அவருக்குத் தெரியாது. மெஷின் தானாக உதிர்த்துக் கொட்டினாலும் சரி, முதல் துண்டை எடுத்து உங்கள் நாக்கில் வையுங்கள்.